நாலு பேர் டென்ட்

மடக்கு நாற்காலியைக் கண்டுபிடித்தவர் சகலையோடு சண்டை போட்டவராகத்தான் இருக்க வேண்டும். அதில் ஒரு ஆள் உட்காரலாம். பக்கத்தில் இன்னொருவர் ஒண்ட முடியாது. பாயென்றால் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கலாம், கயிற்றுக் கட்டிலென்றால் கால்மாட்டில் குந்தலாம். மடக்கு நாற்காலியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. கைப்பிடியில் டம்ளர் வைக்க ஓட்டை உண்டு. அந்த ஓட்டைக்காகத்தான் அதை வாங்கினேன். என் சகலை வாங்கிய நாற்காலியில் ஓட்டை இல்லை என்று எனக்குத் தகவல் வந்திருந்தது.

சகலை என்றால் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். முறைக்கு நான் அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுகிறேன். அவர்கள் மாரண்டஹள்ளிக்கு வெளியே, தங்கள் தோட்டக்காட்டிலேயே வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். அண்ணன் தினமும் பஸ் ஏறி ஓசூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய் வந்தவர். நான் தர்மபுரியில் ஒரு அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவன். எங்கள் இருவருக்கும் பொதுவான மாமனார் வீடு பாப்பாரப்பட்டியில் இருக்கிறது. இன்னொரு பொது விஷயம் மீன் பிடிக்கிற பைத்தியம்.

சண்டைக்கு முன்னால் எங்களிடம் இருந்த சாமான் இவ்வளவுதான்: மூங்கில் கம்பு இரண்டு, தூண்டில் நரம்பு, தூண்டில் முள், மண்புழு போட்ட கொட்டாங்குச்சி ஒன்று, கத்தி ஒன்று, உட்காரப் பிரித்துப் போட்ட உரச்சாக்கு ஒன்று. எல்லாமே ஒன்று என்பதால் வாய் ஓயாது. "கத்தி எங்கங்கண்ணா?" "உங்க காலுக்கடியிலதான் கெடக்குது, பாருங்க." "புழுவ இப்படித் தள்ளுங்க." ஒரு சாக்கில் இரண்டு பெரிய மனிதர்கள் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கத்தான் செய்யும். மீன் கிடைத்த ஞாயிறும் உண்டு, வெறும் கொட்டாங்குச்சியோடு திரும்பிய ஞாயிறும் உண்டு. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை.

அப்புறம் ஒரு காணும் பொங்கல் வந்தது.

மாமனார் வீட்டில் விருந்து. பெரிய கட்லா மீன் ஒன்று வாங்கிக் குழம்பு வைத்திருந்தார்கள். மீன் தலை வீட்டின் மூத்த மாப்பிள்ளை இலைக்குத்தான் போக வேண்டும். அது எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குப் பரிமாறியது என் மனைவி. சமையலறையிலிருந்து வருகிறவள் வழக்கமாக மேற்குப் பக்கமாக வருவாள். அன்றைக்கு அங்கே யாரோ சேர் போட்டு உட்கார்ந்திருந்ததால் கிழக்குப் பக்கமாகச் சுற்றி வந்தாள். கிழக்குப் பக்கம் முதல் இலை என்னுடையது. கரண்டியில் முதலில் ஏறியிருந்தது தலை. அது என் இலையில் விழுந்தது.

அண்ணன் அதைப் பார்த்தார். இலையை மடிக்காமல் எழுந்தார், கையைக் கழுவினார், வண்டியை எடுத்தார். போகிறவரை அப்படியே போக விட்டிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஒரு மீன் தலைக்கா இந்த ஆட்டம்?" என்று வாசல் வரை கேட்கும்படி கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அவருக்குக் கேட்காமலா இருக்கும்?

அதற்கப்புறம் ஒன்றே முக்கால் வருடம் எங்களுக்குள் பேச்சு இல்லை. நடுவில் ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் வந்து போயின. நாங்கள் தீபாவளி அன்று பாப்பாரப்பட்டி போனால் அவர்கள் மறுநாள் வந்தார்கள். பொங்கலுக்கு அவர்கள் முன்னால், நாங்கள் பின்னால். அக்காவும் தங்கையும் தினமும் ஃபோனில் பேசிக்கொண்டார்கள். ஆனால் அம்மா வீட்டில் ஒரே அடுப்படியில் நின்று சிரித்துப் பேசுகிற அந்த நாள் இல்லாமல் போய்விட்டது. இதில் எங்கள் இருவருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அழுதது என் மனைவிதான். "நான் அந்தப் பக்கமா வந்திருக்கோணும். மேக்கால வந்திருந்தா ஒண்ணுமே ஆயிருக்காது," என்று பாத்திரம் கழுவும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ஒரு கரண்டியால் குடும்பத்தை இரண்டாக்கிவிட்டதாகவே அவள் நம்பினாள்.

நானும் சகலையும் என்ன செய்தோம்? சாமான் வாங்கினோம்.

முதலில் வாங்கியது அவர்தான், இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். "மாமா ரீல் வச்ச தூண்டில் வாங்கியிருக்காராம்," என்று, அக்கா புருஷனை மாமா என்று கூப்பிடும் என் மனைவி ஃபோனை வைத்துவிட்டுச் சொன்னாள். மறுவாரம் என்னிடமும் ஒன்று வந்தது, அதைவிட ஒரு அடி நீளமாக. அவர் நெற்றியில் கட்டும் விளக்கு வாங்கினார். நான் நெற்றியில் கட்டும் விளக்கும், கழுத்தில் மாட்டும் விளக்கும் வாங்கினேன். அவர் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கினார். நான் மரத்தில் கட்டும் தொட்டில் படுக்கை வாங்கி, ஏரிக்கரையில் கட்ட மரமே இல்லாததால் வீட்டில் மாட்டி வைத்தேன். மீனை எடை போடும் கைத்தராசு ஒன்றும் வாங்கினேன். அதில் ஒரு வருடமாக எடை போட்டது என் செருப்பை மட்டும்தான். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். சகலைகள் இரண்டுபட்டதில் பார்சல் கொண்டுவருகிறவருக்குக் கொண்டாட்டம். அவர் எங்கள் வீட்டு வாசலில் ஹார்ன் அடிப்பதைக்கூட நிறுத்திவிட்டு, நேராக உள்ளே வந்து தண்ணீர் கேட்டுக் குடிக்கிற அளவுக்குப் பழகிவிட்டார்.

வாங்கியதெல்லாம் ஒற்றை ஆள் சாமான். ஒற்றை நாற்காலி, ஒற்றை அடுப்பு, ஒரு டம்ளர் டீக்கு மட்டும் தண்ணீர் கொதிக்கிற பாத்திரம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஒரு ஏரியில், நான் இன்னொரு ஏரியில். நாற்காலியில் சாய்ந்து, ஓட்டையில் டீயை வைத்துவிட்டு, தக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கத்தியைத் தேட வேண்டியதில்லை, அது இடுப்பிலேயே உறையில் இருந்தது. யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவர் ஞாபகமாகவே இருந்தது. பெரிய மீன் ஒன்று நரம்பை அறுத்துக்கொண்டு போன அன்று, "பாத்தீங்களா?" என்று வாய் தானாகத் திரும்பிப் பக்கத்தில் கேட்டது. பக்கத்தில் ஒரு கொக்குதான் நின்றது.

போன புரட்டாசியில் ஒரு பார்சல் வந்தது. புரட்டாசி வந்தால் எங்கள் வீடுகளில் கவிச்சி கிடையாது. மீன் குழம்புச் சட்டியைப் பரண் மேல் ஏற்றிவிடுவார்கள். அந்த மாதம் பார்த்துத்தான் ஆன்லைனில் தள்ளுபடியும் வரும், மீன் பிடிக்கிற சாமானெல்லாம் பாதி விலைக்குக் கிடைக்கும். இந்த முறை வாங்கியது நான் இல்லை, என் மனைவி. "நாலு பேர் படுக்கற டென்ட்டுங்க. சும்மா ஆசையா இருந்துச்சு," என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சகலையிடம் டென்ட் கிடையாது.

மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ப் பிரித்தேன். துணி இருந்தது. ஜன்னல், வலை, ஜிப் எல்லாம் இருந்தது. அதை நிமிர்த்தி நிறுத்தும் கம்பிகள் இல்லை. பையைத் தலைகீழாக உதறினேன். ஒன்றும் விழவில்லை. நான் விடுகிற ஆளா? மாப் குச்சியை ஒரு பக்கமும் ஜன்னல் திரைக் கம்பியை ஒரு பக்கமும் கொடுத்தேன். நடுவில் ஒட்டடைக் கம்பை நட்டேன். டென்ட் ஒரு நிமிடம் நின்று, பெருமூச்சு விட்டு, படுத்த எருமை மாதிரி சாய்ந்தது. அதற்குள்ளிருந்து நான் வெளியே வர ஜிப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்து மாடியிலிருந்து ஒருவர், "என்னங்க சார், வூட்ல விசேஷமா? பந்தல் போடறாப்பல இருக்குது?" என்று விசாரித்தார்.

விற்றவர்களுக்கு ஃபோன் போட்டேன். எடுத்த பெண் மிகவும் மரியாதையாக, காணாமல் போன பொருளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னது. இல்லாததை எப்படியம்மா படம் எடுப்பது என்று கேட்டேன். விதிமுறை அப்படித்தான் என்றது. நானும் அரசு அலுவலகத்தில் இருப்பவன், விதிமுறை என்றால் எனக்குப் புரியும். கம்பி இருந்திருக்க வேண்டிய வெறும் தரையை இரண்டு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் மனைவி படியேறி வந்தாள்.

"போட்டோ எல்லாம் வேண்டாங்க. கம்பி அக்கா வூட்ல இருக்குது."

"என்னது?"

"டென்ட் வந்தது அங்கதான். அக்கா கம்பியெல்லாம் உருவி வச்சுகிட்டு துணிய மட்டும் எனக்கு பஸ்ல குடுத்தனுப்பிச்சா. ஞாயித்துக்கெழம அவங்க ஊர் ஏரிக்குப் போறம். மாமாவும் கம்பியோட வர்றாரு. சேந்து மாட்டிக்கங்க."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. திட்டம் போட்டு என்னை ஏமாற்றுவதா, நான் வர மாட்டேன், வேண்டுமானால் துணியை மட்டும் அனுப்புகிறேன் என்று குதித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னாள்.

"ரெண்டு பண்டிகை தனித்தனியா போயாச்சுங்க. இந்தத் தீபாவளிக்கும் அப்படியே போனா, அப்பறம் அதுதான் வழக்கம்னு ஆயிரும். எங்கம்மா வூட்ல நானும் எங்கக்காவும் இனிமே எப்பவும் ஒண்ணா இருக்க மாட்டம். அதுக்கு நாந்தான் காரணம்னு ஆயிரும்."

வாயை மூடிக்கொண்டு துணியை மடிக்க ஆரம்பித்தேன். மடித்த துணி பைக்குள் திரும்பப் போகவில்லை என்பது வேறு கதை.

அந்த ஏரியில் மீன் ஏலம் எடுத்திருந்தவர் அண்ணனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். "புரட்டாசியில எவன் மீன் வாங்கறான்? தாராளமா தூண்டில் போடுங்க," என்று சொல்லிவிட்டாராம். விரத மாதத்தில் மீன் பிடிக்கலாமா என்று எனக்கு ஒரு சந்தேகம். தின்னத்தான் கூடாது, பிடிக்கக் கூடாதென்று எந்தப் பெருமாளும் சொல்லவில்லை, பிடித்துத் தண்ணீரிலேயே விட்டுவிடலாம் என்று என் மனைவி தீர்ப்புச் சொன்னாள். பிள்ளைகளைப் பாப்பாரப்பட்டியில் விட்டுவிட்டு, புளிசோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

அண்ணன் ஏற்கெனவே வந்திருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். கையில் கம்பிக் கட்டு. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, உதட்டைக் கடித்து அடக்கினேன். கம்பி முழுக்கச் சணல் முடிச்சுகள். ஒரு முடிச்சில் வாடிய தக்காளிக் கொடி ஒன்று காயோடு தொங்கியது. பின்னால் அண்ணி சொல்லித்தான் தெரிந்தது. இது எதற்கென்று சொல்லாமல் அவள் அதை வீட்டு மூலையில் வைத்திருக்கிறாள். அவர் எடுத்துப் பார்த்திருக்கிறார். மடக்கினால் மடங்குகிறது, நீட்டினால் நீள்கிறது, உள்ளே எலாஸ்டிக் கயிறு வேறு. தக்காளிச் செடிக்கு நட்டுக் கட்டுகிற குச்சியில் இது ஏதோ புது மாடல் என்று முடிவு செய்து தோட்டத்தில் ஒரு வரிசைக்கே நட்டுவிட்டார். அன்று காலையில் செடிகளைப் படுக்க வைத்துவிட்டுத்தான் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

டென்ட் போடுவது ஒரு ஆள் வேலை இல்லை. ஒரு முனையில் ஒருவர் அழுத்த வேண்டும், மறுமுனையில் இன்னொருவர் அதே நேரத்தில் கம்பியை வில்லாக வளைத்துச் சொருக வேண்டும். எங்களுக்கோ பேச்சு இல்லை.

"அவரு அந்தப் பக்கத்த அழுத்திப் புடிக்கோணும்னு சொல்லு," என்றார் அண்ணன், அண்ணியிடம்.

"புடிச்சுகிட்டுத்தான் இருக்கறன்னு சொல்லு," என்றேன் நான், என் மனைவியிடம்.

"புடிச்சா இப்படியா இருக்கும்னு கேளு."

"தக்காளிக் குச்சிய வச்சுகிட்டு டென்ட் போட்டா இப்படித்தான் இருக்கும்னு சொல்லு."

அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் பார்த்தாள். "எங்களுக்கு வேற சோலி இருக்குது. நீங்களே பேசிக்கங்க," என்று தங்கையை இழுத்துக்கொண்டு சோற்றுப் பையைப் பிரிக்கப் போய்விட்டாள்.

கம்பி அதற்காகவே காத்திருந்தது போல என் கையிலிருந்து நழுவி அவர் தோளில் அடித்தது.

"யோவ், சும்னே இருங்க! நான் சொல்றப்ப உடுங்க!" என்று கத்தினார். ஓசூரில் வேலை பார்த்த பழக்கத்தில் அவருக்குக் கோபம் வந்தால் கன்னடம் கலந்துவிடும், சும்மா என்பது சும்னே ஆகிவிடும். ஒன்றே முக்கால் வருடத்துக்குப் பிறகு அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். அதற்கப்புறம் "இழுங்க", "அங்க இல்ல, இங்க", "அது கதவுங்க, தலகீழா மாட்டறீங்க" என்று நிறையப் பேசினோம். ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம். நாங்கள் ஏரி கோணல், காற்று கோணல், துணி தைத்தவன் கோணல் என்று எல்லாவற்றையும் திட்டி முடித்தபோது டென்ட் நின்றுவிட்டது. சுமாராகத்தான் நின்றது. ஆனாலும் நாங்கள் இரண்டு பேரும் நான்கு அடி பின்னால் போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதை அண்ணாந்து பார்த்தோம்.

அப்போது காற்று அடித்தது. டென்ட் ஒரு பக்கம் தரையை விட்டு எழும்பியது. பாய்ந்து பிடித்தோம்.

"முளைக்குச்சி எங்க?" என்று கத்தினேன்.

என் மனைவி அக்காவைப் பார்த்தாள். அக்கா தங்கையைப் பார்த்தாள். "துணியோட வந்துதுன்னு நெனச்சன்." "கம்பியோட இருக்கும்னு நெனச்சன்." இருவர் முகத்திலும் இருந்த திகைப்பு நிஜமான திகைப்புதானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் இருக்கிறது.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க," என்றாள் அண்ணி. "ரெண்டு பேரும் உள்ளாற போயி ஆளுக்கொரு மூலையில உக்காருங்க. நாங்க போயி பெரிய கல்லா நாலு பொறுக்கிட்டு வர்றம். அதுவரைக்கும் எந்திரிச்சிராதீங்க தம்பி, பறந்துரும்."

உள்ளே போனோம். அவர் கிழக்கு மூலையில், நான் மேற்கு மூலையில். நாலு பேர் படுக்கிற டென்ட்டில் இரண்டு மூட்டைகள். வெயில் துணி வழியாக இறங்கி எங்களை மஞ்சளாக்கியது. வலை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கல் பொறுக்கப் போனவர்கள் குனியவே இல்லை. டம்ளர் ஓட்டை உள்ள என் நாற்காலியில் என் மனைவி உட்கார்ந்தாள். அண்ணி அண்ணனுடைய நாற்காலியை அதற்கு ஒட்டி இழுத்துப் போட்டாள். ஆளுக்கொரு தூண்டிலை எடுத்து, எங்கள் ரீலைச் சுற்றி, ஏரியில் வீசினார்கள். இரண்டு பேர் சிரிப்பும் இங்கே வரை கேட்டது.

"கல்லு வராதுங்கண்ணா," என்றேன்.

"தெரியும்," என்றார்.

எழுந்திருக்கலாம் என்றால் டென்ட் போய்விடும். அவர் எழுந்தாலும் போய்விடும். எத்தனை அடி நீளம் உங்கள் தூண்டில், என்று ஆரம்பித்தேன். சொன்னார். என்னுடையது ஒரு அடி கூட என்றேன். "தெரியும். அதுக்காகத்தான வாங்கினீங்க," என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. செருப்பை எடை போட்ட கதையைச் சொன்னேன். பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு நாள் ஏரிக்குப் போனதாகவும், மற்ற நாளெல்லாம் தக்காளிக்குத் தண்ணீர் கட்டப் போட்டுக்கொள்வதாகவும் அவர் சொன்னார். அப்புறம் அவர் கம்பியிலிருந்த ஒரு சணல் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

"அன்னைக்கு நான் மீன் தலைக்குத்தான் எந்திரிச்சுப் போனன்னு நெனச்சீங்களா?"

நான் என் மூலைத் துணியை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"மார்கழியிலயே கம்பெனியில வேலை போயிருச்சுங்க தம்பி. உங்க அண்ணிக்கு மட்டுந்தான் தெரியும். அவ அம்மா வூட்டுக்குச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டன். பொங்கலுக்கு வந்தா, காலையில இருந்து என்கிட்ட ஒருத்தரும் பேசல. எல்லாரும் உங்களச் சுத்திகிட்டு இருந்தாங்க, உங்களுக்குப் பிரமோஷன் வந்துருக்குது. செரி. ஆனா நீங்களும் பேசல. எப்ப வந்தாலும் வாயி மூடாம பேசற ஆளு, என் மூஞ்சியப் பாக்காம போறீங்க, வர்றீங்க. எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சுன்னு நெனச்சன். அப்பறம் தலையும் உங்க எலைக்குப் போச்சு. முடிவே பண்ணிட்டன்."

முடிச்சு அவிழ்ந்தது. அவர் அடுத்த முடிச்சுக்குப் போனார்.

"நீங்களே பின்னாடியிருந்து ஒரு காரணத்தையும் குடுத்தீங்க. மீன் தலைக்குக் கோச்சுகிட்டான்னு பேரு. வேலை போனவன்ங்கற பேருக்கு அது தேவலைன்னு வச்சுகிட்டன்."

இந்த இடத்தில் நான் பொய் சொல்லியிருக்கலாம். டென்ட்டுக்குள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது பொய் சொல்வது கஷ்டம், கண்ணைத் திருப்ப இடமில்லை. அவர் நினைத்தது பாதி சரி. வேறு யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். என்னோடு வேலை பார்ப்பவரின் தம்பி அந்தக் கம்பெனியில் இருக்கிறார். பொங்கலுக்குப் பத்து நாள் முன்னாலேயே எனக்குச் செய்தி வந்துவிட்டது. வேலை போனவரிடம் வேலையைப் பற்றிக் கேட்பது நாகரிகம் இல்லை என்று நினைத்தேன். அன்றைக்கு என் வாயில் பிரமோஷனைத் தவிர வேறு பேச்சும் வராது. அதனால் மொத்தமாகவே அவர் பக்கம் போகாமல் இருந்துவிட்டேன். அதைப் பெரிய மரியாதை என்றும் நினைத்துக்கொண்டேன்.

சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மரியாதை குடுத்தீங்க," என்றார். "பேச்சு குடுக்கலியே."

மன்னிப்புக் கேட்டேன். அந்த வார்த்தையை மனப்பூர்வமாகச் சொல்லி எத்தனை வருடம் ஆயிற்று என்று தெரியவில்லை. அவர் கையை ஆட்டி அதைத் தள்ளிவிட்டார். அப்புறம்தான் கேட்டேன், ஒன்றே முக்கால் வருடம் தாமதமாக: "இப்ப என்னங்கண்ணா பண்றீங்க?"

அதற்கே காத்திருந்தவர் மாதிரி தன் தக்காளி வெள்ளாமையைப் பற்றி ஆரம்பித்தார். எந்த நாற்று எத்தனை நாளில் காய்க்கும், மழையில் எது அழுகும், மார்க்கெட்டில் காலையில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும், எல்லாம் சொன்னார். டென்ட் கம்பியைப் போலத் தக்காளிக்கு வாகான குச்சி இதுவரை பார்த்ததில்லை என்றார். எனக்குத் தக்காளியைப் பற்றி ஒரு இழவும் தெரியாது. இருந்தாலும் அவர் குரலைக் கேட்பதே சந்தோஷமாக இருந்தது.

ஏரிப் பக்கமிருந்து ஒரு கூச்சல் கேட்டது. என் மனைவியின் கையிலிருந்த தூண்டில் வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. "ஐயோ, வாங்களேன்!" என்று கத்தினாள். நானும் அண்ணனும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடினோம். பாதி தூரம் போனபின்தான் இருவருக்கும் உறைத்தது. திரும்பிப் பார்த்தால் டென்ட் நிதானமாக எழும்பி, ஒரு குட்டிக்கரணம் போட்டு, முள்ளுக்காட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

நாலு பேரும் சேர்ந்து இழுத்து வெளியே போட்டது பெரிய ரோகு மீன். நான் தராசில் மாட்டினேன். முள் மூன்று கிலோவைத் தாண்டியது. இத்தனை வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் அப்படி ஒன்றைப் பிடித்ததில்லை. அண்ணன் அதை இரண்டு கையிலும் ஏந்தி முழங்கால் தண்ணீரில் இறங்கி நீந்த விட்டார். வாலை ஒரு அடி அடித்துவிட்டு அது போனது. புரட்டாசியாக இல்லாவிட்டால் என்று நான் பெருமூச்சு விட்டேன்.

என் மனைவி நனைந்த புடவையோடு கரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்போடு சிரிப்பாகவே கேட்டாள்: "மாமா, எம்மேல இன்னும் கோவந்தானுங்களா?"

"ஒம்மேல எனக்கென்னம்மா கோவம்?" என்றார் அண்ணன். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, வேலை போன கதையை அவளுக்கும் சொன்னார். சுருக்கமாக, நாலே வாக்கியத்தில்.

அவள் சிரிப்பு நின்றது. கண் நிறைந்துவிட்டது. "அப்ப, நான் எந்தப் பக்கமா வந்திருந்தாலும்…" என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் அழுதாள். அண்ணி அவளைக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அழுது முடித்துவிட்டு மூக்கைத் துடைத்தவள், சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ம்."

"எப்ப இருந்து?"

"பொங்கலுக்கு முன்னாடி இருந்து."

"ரெண்டு வருஷமா நான் அழுவறதப் பாத்துகிட்டு இருந்தீங்க. அக்கா சத்தியம் பண்ணிட்டா, செரி. உங்கள யாரு சத்தியம் கேட்டா?"

அவருக்கு வேலை போனதையும் அவர் எழுந்து போனதையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை என்று சொன்னேன். அது உண்மை. ஆனால் உண்மை என்பதாலேயே அது நல்ல பதிலாகிவிடவில்லை. முள்ளுக்காட்டிலிருந்து டென்ட்டை நானும் அண்ணனும் பிய்த்து எடுத்து வந்து, தோள்மேல் கை போடாத குறையாகப் பேசிக்கொண்டு மடித்தோம். அந்த நேரம் முழுக்க அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு வரை பேசவில்லை. மறுநாளும் இல்லை. சாப்பாடு வரும், டீ வரும், சட்டை பெட்டி போட்டு வரும். பேச்சு மட்டும் வராது. ஏரியில் ஒரு சண்டையைத் தீர்த்துவிட்டு இன்னொன்றை வாங்கிக்கொண்டு வந்த ஆள் நான் ஒருவன்தான்.

தீபாவளிக்கு எல்லோரும் சேர்ந்துதான் பாப்பாரப்பட்டிக்குப் போனோம். அண்ணன் தன் வாயாலேயே மாமனாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அப்புறம் வீடே அவரைச் சுற்றிக்கொண்டது. தக்காளி என்ன விலை, மழைக்கு என்ன செய்தீர்கள், முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா மாப்பிள்ளை என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அக்காவும் தங்கையும் அடுப்படியில் ஒரே குரலில் சிரித்தார்கள். என் மனைவி எல்லோரிடமும் பேசினாள், என்னைத் தவிர.

நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்தேன். யாரும் என்னை ஒதுக்கவில்லை. யாருக்கும் என் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். காலை எட்டு மணியிலிருந்து பதினொரு மணி வரை ஃபோனைப் பார்ப்பதும் அதைப் பைக்குள் வைப்பதுமாக இருந்தேன். மூன்று மணி நேரம் அத்தனை நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அண்ணன் கூட்டத்திலிருந்து எழுந்து வந்தார். தண்ணீர் மோந்து குடித்தார். திரும்பிப் போகாமல், இன்னொரு சேரை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்பறம் தம்பி," என்றார், "ஆபீஸ்ல எப்படிங்க போகுது?"

நல்லாப் போகுதுங்கண்ணா என்று ஆரம்பித்து, சாப்பிடக் கூப்பிடும் வரை நான் வாயை மூடவில்லை.